ஒரகடம் சாலையில் ஒரு கோணல் படிகம்

கல்லுடைக்கும் கிரஷரின் சத்தம் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு வளைவு தாண்டியதும் அது நின்றுவிட்டது. ஆனால் என் பற்களுக்குள் இன்னும் அரைத்துக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு. பேண்ட் பையில் ஒரு சிவப்புக் கல்.

வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இருமினால் துண்டில் சாம்பல் நிறம் வந்தது. ராஜஸ்தானில் மார்பிள் வெட்டும் இடத்தில் வெள்ளையாக வந்தது. மஸ்கட்டில் ரோடு போட்டபோது கறுப்பு. ஒரு நிறம் படிய ஆரம்பித்ததும் நான் ஊரை மாற்றிவிடுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு எந்த ஊரிலும் இரண்டு பொங்கல் சேர்ந்தாற்போல் சாப்பிட்டதில்லை.

படப்பையை நோக்கி நடந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் மனைகள். கொடிகள் நட்டு, கல் நட்டு, நடுவில் தார்ச்சாலை போட்டிருந்தார்கள்; அதில் மாடுகள் படுத்திருந்தன. வீடே இல்லாத தெருக்களுக்குப் பெயர்ப்பலகை இருந்தது. முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு. எதிரே வந்தவர்கள் யாரும் இல்லை. வெயிலில் அந்தத் தெருக்கள் லேசாக ஆடின. இன்னும் பிறக்காத ஓர் ஊருக்குள் முன்கூட்டியே வந்துவிட்டவன் போல இருந்தது எனக்கு.

படப்பையில் ஒரு டீ, இரண்டு மெதுபோண்டா. மஸ்கட்டில் ஒரு மலையாளியின் கடையில் போண்டா கிடைக்கும். அதை வாயில் போட்டதும் ஊர் ஞாபகம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வந்ததில்லை. இங்கே படப்பை போண்டாவைத் தின்றபோதுதான் மஸ்கட் ஞாபகம் வந்தது.

ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் இடம் கிடைத்தது. எதிரே இரண்டு பீகார்ப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். "சாம்பாரில் இவர்கள் ஏன் இத்தனை காய் போடுகிறார்கள்?" என்று ஒருவன் கேட்டான். "நாம் பருப்பைத் தேடக்கூடாது என்பதற்காக," என்றான் மற்றவன். அவர்களுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு செருப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன். கோயில் பிரசாதத்தைப் போல அதைப் பிடித்திருந்தான்.

ஒரு வேகத்தடையை டிரைவர் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் கூரையைத் தொட்டு வந்தோம். பெட்டி திறந்து கற்கள் கொட்டின. காலுக்கடியில் உருண்டன. வெள்ளை, பச்சை, கறுப்பு, கண்ணாடி போல ஒன்றிரண்டு.

"இன்னா தம்பி, ஜல்லி லோடா?" என்றார் டிரைவர் திரும்பிப் பார்க்காமல். "சொல்லியிருந்தா டிப்பர் புட்ச்சி குட்த்துருப்பேன்ல."

"வண்டிய நிறுத்துங்கண்ணே. கல்லு மிதிபட்டுரும்."

டிரைவர் நிறுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்து வண்டியே நின்றது. எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். பீகார்ப் பையன்கள் சீட்டுக்கு அடியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அவன் சாலையோரத்து மதகில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தான். உள்ளே முட்டை அட்டையை வெட்டிப் பொருத்தியிருந்தான். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்லை வைத்தான். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"இது என்னது இல்லியே," என்றான்.

என் சிவப்புக் கல். குனிந்தபோது விழுந்திருக்கிறது. "என்னது," என்றேன்.

அவன் அதைத் திருப்பித் தரவில்லை. வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றினான். நாலைந்து இடத்தில் அது சின்னச் சின்ன ஜன்னல் போல மினுங்கியது. "எங்க கெடச்சுது அண்ணாச்சி? கார்னெட்டுல்லா இது."

இப்படித்தான் ஜெபராஜ் பழக்கமானான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். சென்னைக்கு வந்து மூன்று வருஷம் நிலவியல் படித்திருக்கிறான். எல்லாம் பாஸ், படிகவியல் செய்முறைத் தேர்வு ஒன்றைத் தவிர. அதில் இரண்டு முறை போய்விட்டது. இப்போது ஒரு கண்ணாடிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை.

"திங்கக்கெழம மூணாவது தடவ. பழைய சிலபஸ்காரங்களுக்கு இதான் கடேசி. இதும் போச்சுன்னா படிச்ச மூணு வருசமும் தண்ணில எழுதுனது மாதிரி," என்றான். குரலில் வருத்தம் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான்.

பெட்டியில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இரவல். தாம்பரத்தில் ஒரு சிநேகிதனிடம் அன்று வாங்கி வந்தவை. ஆனால் ஒரு கல் கட்டாயம் தானே களப்பயணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். அதைப் பரிசோதகர் முன்னால் அளந்து காட்ட வேண்டும். அவன் எடுத்துக் காட்டினான். விரல் நீளத்துக்கு ஒரு குவார்ட்ஸ் படிகம். கரூர்ப் பக்கத்து மண்ணில் தோண்டி எடுத்தது. ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் ஒட்டிப்போய், வளர்ந்தபோது யாரோ இடித்துத் தள்ளியதைப் போல இருந்தது.

"கோணலாக இருக்கிறதே," என்றேன்.

"கோணலா இருக்கதுதான் அண்ணாச்சி விசயமே," என்றான். அதற்குள் வேறு ஆட்டோ வந்தது.

எங்கே போகிறேன் என்று கேட்டான். தெரியாது என்றேன். அவனுக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. வல்லம் வடகாலில் அவன் அறையில் ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறானாம். அந்த இடம் காலி.

அறைக்கு ஒரே ஜன்னல். எட்டுப் பேர், நான்கு பாய். காலை ஷிப்ட் எழுந்து போனதும் ராத்திரி ஷிப்ட் வந்து அதே பாயில் படுக்கும். அந்தப் பாய்களில் சூடு ஆறுவதே இல்லை. ஊருக்குப் போனவனின் இடத்தில் படுத்தேன். தலையணையில் அவனுடைய எண்ணெய் வாசனை. அரைத் தூக்கத்தில் நான் யாருடைய கனவைக் காண்கிறேன் என்று சந்தேகம் வந்தது. ஒரு கல்யாண வீடு, வாழைமரம், தெரியாத முகங்கள்.

கண் விழித்தபோது ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தெரிந்தது. அதில் தண்ணீர். மேலே குறுக்காக ஒரு பென்சில். பென்சிலில் கட்டிய நூலின் நுனியில், தண்ணீருக்கு நடுவில், கடுகை விடப் பெரிதாக ஏதோ தொங்கியது. முடிவெட்டும் கடையில் தடவுகிற படிகாரம்தான், கரைத்துத் தொங்கவிட்டால் தானாக வளரும் என்றான் ஜெபராஜ். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல வரும். எட்டு முகம். யாரும் செதுக்குவதில்லை. உற்றுப் பார்த்தேன். வளர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் நான் தூங்கியபோது வளர்ந்திருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் சாப்பிடப் போனோம். ஸ்டெல்லா அக்கா நடத்தும் மெஸ். தகரக் கூரை, இரண்டு நீள மேசை, சுவரில் மாதா படம். அந்த ஊர்க்காரர். நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது ஏதோ கம்பெனியின் பார்க்கிங் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, மாவு மில்லுலேர்ந்து வர்றியா? மூஞ்சி கழுவிக்கினு குந்து. சோத்துல கொட்டப் போவுது."

சோறு, கத்திரிக்காய் காரக்குழம்பு, அவித்த முட்டை. காரம் எங்கள் ஊர்ப்பக்கம், சிவகங்கைக்குக் கிழக்கே, கிடைக்கிற வகையில்லை. இது உடனே ஏறி உடனே இறங்குகிற வடக்குக் காரம். முட்டைக்கு உப்பு கேட்டேன். கல்லுப்புக் கிண்ணத்தைத் தள்ளினார்.

ஜெபராஜ் அதிலிருந்து நல்லதாக ஒரு கல்லைப் பொறுக்கினான். "பெட்டி மாதிரி இருக்குல்லா? இத நசுக்குனா சின்னப் பெட்டி. இன்னும் நசுக்குனா இன்னும் சின்னது. கண்ணுக்குத் தெரியாத எடம் வரைக்கும் பெட்டிதான்." பிறகு உப்பின் எதிரெதிர் மூலைகளை இரண்டு விரல் நுனியில் பிடித்தான். "இப்பச் சுத்துறேன் பாருங்க. ஒரு முழுச் சுத்துக்குள்ள மூணு தடவ அதே மாதிரி வந்து நிக்கும். இந்த மூல மூணு வாட்டின்னு இருந்தா அது கனசதுரக் குடும்பம். நாலு சோடி மூலையிலயும் அப்படி வரணும்."

"உப்ப வெச்சி ஆடாதடா," என்றார் ஸ்டெல்லா அக்கா. "உப்பு போட்டுத் துன்றதுக்குக் கீது."

நான் என் சிவப்புக் கல்லை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கழுவினேன். ஜெபராஜ் அதையும் அப்படியே பிடித்துச் சுற்றினான். பன்னிரண்டு முகம் இருந்திருக்க வேண்டிய கல். கிரஷரின் தாடையிலிருந்து ஐந்துதான் தப்பித்திருந்தன. எல்லாம் சாய்ந்த சதுரங்கள், பட்டத்தின் வடிவம். ஆனாலும் மூன்று முகம் கூடுகிற மூலையில் பிடித்தால் மூன்று தடவை அதே போல வந்தது. உப்பும் இதுவும் ஒரே குடும்பம். பார்த்தால் சொல்ல முடியாது. சுற்றினால் தெரிகிறது.

"இதுல இன்னொரு வேடிக்க இருக்கு அண்ணாச்சி. உள்ள இரும்பு உக்காந்திருக்க எடத்துல மக்னீசியம் வந்து உக்காந்துக்கிடும். மாங்கனீசும் உக்காரும். ஏறக்கொறைய ஒரே பருமன்தான, இடம் பத்தும். எவன் வந்து உக்காந்தாலும் கட்டடம் மாறாது. நெறம் மட்டும் கொஞ்சம் மாறும்."

"எங்க மெஸ்ஸு மாரி," என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஒருத்தன் எந்திரிச்சா இன்னொருத்தன் குந்திக்கிறான். எல தான் மாறுது."

"அப்போ கண்ணாடி?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "கண்ணாடிக்கு இந்தக் கதையே கெடையாது. உள்ள வரிசையே இல்ல. ஒரகடம் கூட்ரோட்டுல ஷேர் ஆட்டோக்கு நிக்கிற கூட்டம் மாதிரி, அவன் இங்க, இவன் அங்க. அப்படியே ஒறஞ்சு போச்சு. அதான் அதுக்கு முகம் கெடையாது. நாம வெட்டுனாத்தான் முகம்."

மறுநாள் ஞாயிறு. அறையில் இருந்த இன்னொருவனை அப்போதுதான் விழித்த நிலையில் பார்த்தேன். முத்துப்பாண்டி, அருப்புக்கோட்டைக்காரன். நட்டு போல்ட் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். ஷிப்ட் முழுக்க வருகிற நட்டுகளைப் பார்த்து, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போடுவது வேலை. நல்லது ஓகே. கெட்டது என்ஜி. இந்த இரண்டு சொல்லிலேயே அவன் உலகத்தைப் பேசிவிடுவான். ஸ்டெல்லா அக்கா மெஸ் ஓகே, குழம்பு சில நாள் என்ஜி. என்னைப் பற்றி, "அண்ணன் ஓகேதான், இருமல்தான் என்ஜி," என்றான்.

அவன் கொடுத்த நட்டு ஒன்றை வைத்து ஜெபராஜ் காலையில் எனக்குப் பாடம் எடுத்தான். விரலில் மாட்டிச் சுற்றினால் நட்டு ஆறு தடவை அதே போல வரும். குவார்ட்ஸும் உடம்பைப் பார்த்தால் ஆறு பக்கம்தான். ஆனால் அதன் கூம்பில் ஒரு முகம் பெரிது, அடுத்தது சிறிது, அடுத்தது பெரிது. ஆகவே மூன்று தடவைதான் சரியாக வருகிறது. போன தேர்வில் மரத்தில் செதுக்கிய மாதிரிப் படிகத்தைக் கொடுத்தார்கள்; உடம்பை மட்டும் பார்த்து ஆறு என்று சொல்லிவிட்டான். அதில்தான் போனது.

"நட்டு மாதிரின்னு நெனச்சுட்டேன். நட்டுதான், ஆனா தலையப் பாக்கணும்," என்றான். முத்துப்பாண்டி பல் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்கு ஜெபராஜ் கிளம்பினான். நானும் கூட நடந்தேன். உள்ளே போகவில்லை. வேப்பமர நிழலில் பைக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பாட்டு வெளியே வந்தது. நிறைய குரல்கள் தெற்கத்திக் குரல்கள். அப்பால் நாற்றங்கால் ஒன்று பச்சையாக இருந்தது. அதன் வரப்பிலேயே 'விற்பனைக்கு' என்று பலகை. ஆராதனை முடிந்ததும் முகம் தெரியாத ஓர் அம்மா ஒரு பன்னும் டீயும் கொண்டுவந்து கொடுத்து, "உள்ள வந்திருக்கலாமே," என்றார். எந்த நாட்டிலும் வாசலில் உட்கார்ந்தவனுக்கு யாராவது ஏதாவது கொடுக்கிறார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது அறை பளபளவென்று இருந்தது. பாய்கள் ஒரே அளவில் சுருட்டி அடுக்கியிருந்தன. செருப்புகள் சுவரோரம் வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை அறையைத் துப்புரவாக்குவது முத்துப்பாண்டியின் முறை. கம்பெனியில் கற்றுக்கொடுத்தபடி செய்வான். வேண்டியது, வேண்டாதது என்று பிரித்து, வேண்டாததை அன்றே வெளியேற்றிவிட வேண்டும்.

"மாப்ள, உன் கல்லையும் செட் பண்ணிட்டேன்," என்றான் பெருமையாக.

ஜெபராஜ் பெட்டியைத் திறந்தான். கற்கள் நிறம் வாரியாக, அளவு வாரியாக. ஒரு குழி காலி.

"இதுல ஒண்ணு எங்கலே?"

"அதா? அது என்ஜி. நீதான நட்டு மாதிரின்னு சொன்ன. நட்டப் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன். மத்ததெல்லாம் போனாப் போகுதுன்னு விடலாம். அது ஒரு பக்கம் இம்புட்டு, ஒரு பக்கம் அம்புட்டு. பரிச்சைக்கு வர்றவன் அதப் பாத்தா மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிருவான்டா. உன் நல்லதுக்குத்தான் தூக்கிப் போட்டேன்."

"எங்க போட்ட?"

முத்துப்பாண்டி ஜன்னலைக் காட்டினான். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அஸ்திவாரக் குழிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு ஜல்லிக் குவியல். "நாளைக்குக் காலைல சிமெண்ட் மிக்சர் வருது. கல்லோட கல்லாப் போயிரும், யாருக்கும் தொந்தரவு இல்ல," என்றவன், ஜெபராஜின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஜெபராஜ் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அத நாந்தான் தோண்டினேன்லே. மத்ததெல்லாம் இரவல்," என்றான். "அது இல்லாம உள்ள போனா வெளிய வர வேண்டியதுதான்."

மூவரும் குவியலுக்குப் போனோம். அந்த ஜல்லியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நீலச் சாம்பல், நடுநடுவே எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கு. நான் விட்டுவந்த கிரஷரில் இதே கல்லைத்தான் வாரினேன். இரண்டு நாளைக்கு முன் என் மண்வெட்டியில் இருந்ததே இங்கே எனக்கு முன்னால் வந்து படுத்திருக்கலாம். அதை விட்டு நடந்தேன், அது லாரியில் வந்துவிட்டது.

முத்துப்பாண்டி கை விட்டுக் கிளற ஆரம்பித்தான். "கிண்டாத, உள்ள போயிரும்," என்று தடுத்தான் ஜெபராஜ். வெயில் சாயும்வரை காத்திருக்கச் சொன்னான். "கல்லத் தேடாதிய. வெளிச்சத்தத் தேடுங்க. ஒடஞ்ச கல்லு வெளிச்சத்தச் செதற அடிக்கும். படிக முகம் மொத்தமா ஒரே பக்கமாத் திருப்பி விடும். தலைய ஆட்டிக்கிட்டே நடங்க."

சூரியன் கம்பெனிக் கூரைகளுக்கு மேலே இறங்கியபோது மூன்று பேரும் குவியலைச் சுற்றி, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு மெதுவாக நடந்தோம். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஸ்டெல்லா அக்கா வாசலில் வந்து நின்று, "இன்னாடா, மூணு பேருக்கும் சாமி வந்துக்கிதா?" என்றார். குவியல் முழுதும் சின்னச் சின்ன மினுக்குகள். ஓர் அடி வைத்தால் சில அணைந்து வேறு சில எரிந்தன. இன்னோர் அடி, இன்னொரு ஊர். ராத்திரியில் பஸ் ஜன்னல் வழியே தூரத்தில் தெரிகிற, பெயர் கேட்காமலே கடந்துபோன ஊர்களின் விளக்குகள் போல இருந்தன. எதைத் தேடுகிறேன் என்பதைச் சற்று நேரம் மறந்துவிட்டேன்.

"இருங்க," என்றான் முத்துப்பாண்டி. அவன் அசையாமல் நின்றான். குனிந்து, யோசிக்காமல், இரண்டு விரலால் ஒன்றை எடுத்தான். "ஷிப்ட் பூரா ஆயிரத்துல ஒண்ணத் தேடுறதுதான எனக்கு வேல."

அதேதான். ஆனால் கூம்பு உடைந்திருந்தது. யாரோ மிதித்திருக்கிறார்கள், அல்லது மேலேயிருந்து விழுந்தபோது போயிருக்கிறது. உடைந்த இடம் சிப்பியின் உள்பக்கம் போல வளைவு வளைவாக இருந்தது.

"போச்சா?" என்றான் முத்துப்பாண்டி.

ஜெபராஜ் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தான். பள்ளிக்கூடப் பாகைமானி. அதன் நடுவில் ஆக்சா பிளேடின் துண்டு ஒன்றை ரிவெட் அடித்துத் திருகும்படி வைத்திருந்தான். "நீயே அள," என்று முத்துப்பாண்டியிடம் கொடுத்தான். "அகலமான மொகத்துல கீழ்ப்பட்டிய வை. பக்கத்து மொகத்துல பிளேட ஒட்டு."

முத்துப்பாண்டி கருவியைப் பிடித்த விதமே வேறாக இருந்தது. ஒரு கண்ணை மூடி, வெளிச்சம் இடையில் கசிகிறதா என்று பார்த்தான். "நூத்தியிருவது."

"அடுத்த மொகம்."

"இதுவும் நூத்தியிருவது."

"ஒட்டிப்போன மொகம்."

அதற்கு நேரம் எடுத்துக்கொண்டான். "நூத்தியிருவதுடா."

"இப்ப உன் நட்ட அள."

அவன் அளக்கவில்லை. நட்டின் கோணமும் அதே நூற்றிருபது என்பது அவனுக்கு மனப்பாடம். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணுக்குள் இடம் கிடைத்த பக்கம் வளர்ந்திருக்கிறது, கிடைக்காத பக்கம் ஒடுங்கியிருக்கிறது. முகம் பெரிதாகலாம், சிறிதாகலாம், தலையே உடையலாம். இரண்டு முகங்களுக்கு நடுவில் உள்ள கோணம் மட்டும் எந்தக் குவார்ட்ஸிலும் மாறுவதில்லை. உள்ளே வரிசை அப்படி. இதைத்தான் நாளை பரிசோதகர் முன் காட்ட வேண்டும்; இரவல் வாங்கிய நேரான குவார்ட்ஸும் இந்தக் கோணல் கல்லும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

"அப்ப சைஸு என்ஜி, ஆங்கிள் ஓகே," என்றான் முத்துப்பாண்டி கடைசியில். பிறகு, "தல இல்லாம மூணா ஆறான்னு கேட்டா?"

"பக்கத்துலயே இரவல் கல்லு முழுத் தலையோட இருக்குல்லா. அதுல காட்டிருவேன்."

அந்த நிம்மதி தெருமுனை வரைகூட நிலைக்கவில்லை. கான்ட்ராக்டரின் ஆள் லோகு பைக்கில் வந்து நின்றார். கம்பெனி வேனுக்குத் தலை எண்ணி ஏற்றுகிறவர்.

"ஜெபா, நாளிக்கி லீவு கெடியாது."

"அண்ணே, ரெண்டு வாரம் முன்னயே சொன்னேனே."

"சொன்ன. நானும் சரின்னேன். இப்ப நாலு பேரு ஊர்லேர்ந்து வர்ல. லைன்ல ஒரு எடம் காலியா இருந்தாலும் என்னிய வெளில நிக்க வெக்கிறானுங்க. நாளிக்கி வர்லனா உன் எடத்துல வேற ஆளு நெரந்தரமா வந்துருவான். அப்றம் என்னிய கேக்காத." கொஞ்சம் யோசித்து, "ஆளு குட்த்துட்டுப் போ," என்றார்.

இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டுமென்றால் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வந்த ஆளுக்கு ஒருநாள் பாஸ். இடம் காலியாக இல்லாதவரை கேள்வி இல்லை. ஜெபராஜ் முத்துப்பாண்டியைப் பார்த்தான். அவனுக்கும் காலை ஷிப்ட். அறையில் மற்றவர்களுக்கும் காலையோ ராத்திரியோ ஷிப்ட் இருந்தது.

நான் அந்த நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் போய் அங்கிருந்து வடக்கே பஸ் ஏறலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பை கட்டியே இருந்தது. "நான் போறேன்," என்று சொன்னது என் குரல்தான்.

லோகு என்னைப் பார்த்தார். "கையக் காட்டு." காட்டினேன். திருப்பித் திருப்பி எண்ணினார். "பத்தும் கீது. கண்ணாடி தூக்கிக்கிறியா?"

"மார்பிள் தூக்கியிருக்கிறேன்."

"அது ஒடஞ்சா வுழும். இது ஒடஞ்சா வெட்டும். ரெண்டும் வேற." பைக்கை உதைத்தார். "விடிகாலம் வேன்கிட்ட நில்லு. உன் பேர்லயே பாஸ் போட்டுடறேன்."

ஜெபராஜ் என்னைத் தலை முதல் கால் வரை அளந்து பார்த்தான். பிறகு, "ஒங்க பருமன் பத்துமா அண்ணாச்சி?" என்றான். எங்களுக்குள் அதுதான் அன்றைக்குக் கடைசிப் பேச்சு.

காலையில் தெருவில் பனி லேசாக இறங்கியிருந்தது. ஜெபராஜ் வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியைத் துண்டில் சுற்றியிருந்தான். முத்துப்பாண்டி அவனுக்கு முன்பே கிளம்பிவிட்டான். போகும்போது அந்த நட்டைக் கோணல் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஜன்னல் டம்ளரில் படிகாரம் மிளகளவு ஆகியிருந்தது. என் வேன் வந்தபோதுதான் சிமெண்ட் மிக்சரும் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டுக்கும் இடமில்லாமல் டிரைவர்கள் கத்திக்கொண்டார்கள். தாம்பரம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்த ஜெபராஜ் ஒரு தடவை திரும்பினான். காலிக் கையை உயர்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எதையோ மூலையில் பிடித்துச் சுற்றுவது போலக் காட்டினான். மூன்று தடவை.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி பேண்ட் பையைக் காலி செய்யச் சொன்னார். பீடி, கைக்குட்டை, சிவப்புக் கல்.

"கண்ணாடிக் கம்பெனிக்குக் கல்லு எட்த்துக்கினு வர்றியே, நல்லா கீறப்பா நீ," என்றார். "இது கண்ணாடியக் கீறும். சாயங்காலம் வாங்கிக்க." ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு டோக்கன் கொடுத்தார். ஓர் ஊரில் திரும்பி வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்று எனக்கு இருப்பது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

உள்ளே கையுறை, முழங்கைவரை உறை, கண்ணுக்குக் கவசம். சூப்பர்வைசர் தரையில் மஞ்சள் பெயின்டில் வரைந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். ஜெபராஜின் கட்டம். ஏறி நின்றேன். எனக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், எதிரே நான்கு பேர். எல்லோருக்கும் நடுவில் ஒரே இடைவெளி. மணி அடித்தது. உருளைகள் மேல் முதல் கண்ணாடி வந்தது, தண்ணீர் எழுந்து நடந்து வருவதைப் போல. அதன் வழியே எதிரில் நிற்பவர்கள் லேசாக நெளிந்து தெரிந்தார்கள்.

இன்னும் சில மணி நேரத்தில் ஜெபராஜின் கையில் ஒரு மரப்படிகம் இருக்கும். தலையைப் பார்ப்பான்.

கண்ணாடிக்கு உள்ளே வரிசை இல்லை. வெளியே நாங்கள் நின்றோம், வரிசையாக. நான் இரண்டு கையையும் நீட்டி என் ஓரத்தைப் பிடித்தேன்.